ஜன்னல் திரை இறங்கிய சனிக்கிழமை

அத்தியாயம் 14

பாங்குகள் சாத்திக் கிடந்த இரண்டாவது வாரம். யங்ஸ்டவுன் முழுக்க ஒருத்தர் பையிலும் காசு இல்லை. வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் வெளியே மூச்சு விடவில்லை. 1933 மார்ச் மாதம் என்றால் எனக்குப் பசியோ பயமோ முதலில் ஞாபகம் வருவதில்லை. எங்கள் அரோரா தியேட்டரின் மஞ்சள் டிக்கெட்தான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் சொன்னேனே, அந்த டிக்கெட். எங்கள் நாற்பது தியேட்டர்களின் ஆட்களுக்கும் சம்பளம் போட வழியில்லாமல் நின்ற அன்றைக்கு, "காசு இல்லேன்னா என்ன, நாற்காலி இருக்குல்ல?" என்று சொல்லி, அப்பா சம்பளத்தை டிக்கெட்டாகவே கொடுத்துவிட்டார். எந்த நாள், எந்தக் காட்சி என்றெல்லாம் அதில் போடவில்லை. படம் ஓட்டுகிறவர் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கினார். ரொட்டிக்காரம்மா அதைக் கொடுத்து மாவு வாங்கினார். மாவுக்காரர் அதைக் கொடுத்து முடி வெட்டிக்கொண்டார். ஒரே வாரத்தில் ஊரில் டாலர் இருந்த இடத்தில் எங்கள் டிக்கெட் உட்கார்ந்துவிட்டது. எங்களுக்கே சிரிப்பாக இருந்தது, அண்ணன் ஒருவனைத் தவிர. "எல்லாம் வெறும் காகிதம்" என்று அவன் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் பெரிக்ளிஸ். காலேஜுக்குப் போன மறுநாளே பெர்ரி ஆகிவிட்டான். கலியோப்பி என்ற என்னை ஊரே பாப்பி ஆக்கிவிட்டதால் அவனைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. எங்கள் தியேட்டர் கம்பெனியில் பாதி அப்பாவுடையது. மறு பாதி பெரியப்பா அரிஸ்டோஸுடையது. பிள்ளை இல்லாதவர், அண்ணனுக்கு ஞானத்தகப்பன் வேறு. சாகும்போது தன் பாதியை அண்ணன் பேருக்கு எழுதிவிட்டுப் போனார்.

நாற்பது தியேட்டரையும் மொத்தமாகக் கேட்டு நியூயார்க் கம்பெனி ஒன்று மாதக் கணக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆள், ஹாலிஸ்டர் என்பவர், சனிக்கிழமை மதியம் பத்திரத்தோடு வருவதாக ஏற்பாடு. விற்கிறோமா, தாக்குப் பிடிக்கிறோமா என்று அன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

அதே சனிக்கிழமைதான் பெரியப்பாவின் நினைவு நாளும் வந்து விழுந்தது.

அம்மா விடிவதற்கு முன்பே கோதுமையை அவித்து வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி ஆற வைத்திருந்தாள். பாதாம், திராட்சை எல்லாம் கலந்து, மேலே சர்க்கரைப் பொடியைப் போர்த்தி, வெள்ளி மிட்டாயால் சிலுவை போட்டால் கோலிவா தயார். எங்கள் கிரேக்க வழக்கப்படி செத்தவர் பேரில் கோயிலில் வைத்து வேண்டிக்கொண்டு, வந்தவர் எல்லோருக்கும் ஒரு கை கொடுப்போம். வாங்குகிறவர் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும்.

"மாதுளை கிடைக்கலடி. செர்ரி வத்தலைப் போட்டிருக்கேன். உங்க பெரியப்பா பார்த்தாருன்னா எந்திரிச்சு வந்து சண்டை போடுவாரு" என்று அம்மா புலம்பினாள்.

"வரட்டும்மா. வந்து இந்த வாரச் சம்பளத்தையும் குடுத்துட்டுப் போகட்டும்" என்றான் அண்ணன். கருப்புக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்தான். தவக்காலம், வீட்டில் பால் கிடையாது. பால் இல்லாத காபி அவனுக்கு ஆகவே ஆகாது.

அப்பா ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "காலங்காத்தால ஆரம்பிக்காத."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்ப்பா. நம்ம டிக்கெட் ஊர்ல எத்தனை சுத்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நல்லாச் சுத்துதுன்னு தெரியும்."

"அத்தனை பேரும் ஒரே நாள்ல கொண்டாந்து நீட்டினா?"

"ஏன்டா நீட்டப் போறாங்க? ரொட்டிக்காரம்மா ஒரே நாள்ல முப்பது தடவையா படம் பார்ப்பாங்க?"

"பாங்குக்காரனும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தான்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "பாங்குக்காரன் ஊர்க் காசை எடுத்து எவன்கிட்டயோ குடுத்துத் தொலைச்சான். நான் நாற்காலியை எங்க அனுப்பினேன்? அங்கதான் இருக்கு, போய் உக்காந்து பாரு."

"ஆலையில புகை வந்து எத்தனை மாசமாச்சு! நம்மளை விடப் பத்து மடங்கு பெரிய கம்பெனியெல்லாம் திவாலாகிக் கோர்ட்டுல நிக்குது. சோத்துக்கே இல்லாதவன் சினிமாவுக்கு வருவானாப்பா?"

"அவன்தான்டா வருவான். வீட்டுல அடுப்பெரிக்கக் கரி இல்லை. நம்ம கிட்ட ஹீட்டர் இருக்கு, மெத்தை நாற்காலி இருக்கு, மேல பார்த்தா நட்சத்திரம் இருக்கு. மூணு மணி நேரம் மனுஷனா உக்காந்துட்டுப் போவான். உனக்கு இதெல்லாம் புரியாது, நீ பொறந்தப்பவே நமக்கு நாலு தியேட்டர்."

அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரோராவின் கூரை முழுக்க நீலம். அதில் பொடிப் பொடியாக விளக்குகள். படம் தொடங்கும் முன் தரைக்கடியிலிருந்து ஆர்கன் வாத்தியம், வாசிக்கிறவரையும் தூக்கிக்கொண்டு மேலே எழும்பி வரும். கூடவே கூரையில் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் இரண்டாயிரம் பேர் சேர்ந்து விடும் மூச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் நான் தலையை நிமிர்த்தித்தான் பார்க்கிறேன், வெறும் வானம்தான் தெரிகிறது.

பெரியப்பாவின் இடம் தெருவைப் பார்த்த டிக்கெட் கூண்டு. மூன்று பக்கமும் கண்ணாடி. நாற்பது தியேட்டருக்கு முதலாளி ஆன பிறகும் மனிதர் அந்தக் கூண்டை விட்டு எழுந்ததில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் அங்கேயேதான். அதனால் வருஷா வருஷம் அவர் நாளில், நாங்கள் கோயிலில் இருக்கும் நேரம் மட்டும், அப்பா தன் கையாலேயே கூண்டின் பச்சைத் திரைகளை இறக்கிவிட்டு வருவார். காரணம் எழுதி ஒட்டுவதில்லை. "வீட்டுத் துக்கத்துக்கு எவனாவது போர்டு மாட்டுவானா?" என்பார்.

மற்ற வருஷங்களில் காலை நேரத்தில் அதை யாரும் கவனித்ததில்லை. அந்த வருஷம் செத்தவர்கள் ஊரில் அதிகம். சாமியார் ஒவ்வொரு பேராக வாசித்தார், வாசித்தார், முடியவே இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து அம்மாவிடம் முறைப்பு வாங்கிக்கொண்டேன். மதியக் காட்சிக்கு ஆள் வரும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால் தெருவில் கார் நுழைய இடமில்லை.

முதலில் தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லோர் கையிலும் மஞ்சள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டுகிறார்கள். முடி வெட்டும் சால்வத்தோரே, மாவுக்காரர், வாடகைக்குப் பதில் டிக்கெட் வாங்கிய வீட்டுக்காரர்கள், எங்கள் படங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து அழும் நர்சுகள், எல்லோரும். கதவைத் தட்டுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"என்னய்யா ஆச்சு?" என்று அப்பா ஒருவரைப் பிடித்துக் கேட்டார்.

"திரையைப் போட்டுட்டாங்க!" என்றார் அவர், யாரிடம் பேசுகிறோம் என்றுகூடப் பார்க்காமல். "பாங்குலயும் இப்படித்தான் போட்டான். சொல்லாம கொள்ளாம, காலைல வந்து பார்த்தா பச்சைத் திரை. நியூயார்க்காரன் பெட்டியோட பக்கத்துக் கதவு வழியா உள்ள போனதை என் பொண்டாட்டி பார்த்தா. வித்துட்டாங்க. இனிமே இது வெறும் காகிதம்தான்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சொன்னேனா இல்லையா?" என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"போலீசுக்குப் போன் பண்றேன்ப்பா."

"எதுக்கு? படம் பார்க்க வந்தவனை அடிக்கவா?" அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். நான் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கூண்டுக்குள் நுழைந்து சரசரவென்று திரைகளை ஏற்றினார்.

அதுதான் வினையாகப் போனது. கூண்டு திறந்துவிட்டது என்று பின்னால் இருந்தவர்கள் நெட்டித் தள்ள, முன்னால் இருந்தவர்கள் கண்ணாடியோடு அப்பிக்கொண்டார்கள். ஒரு மூலையில் கீறல் விழுந்தது.

"எல்லாருக்கும் இடம் உண்டு! ராத்திரி முழுக்க ஓட்டறேன்! தள்ளாதீங்க!" என்று அப்பா கத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரம்மா மிஸஸ் கோவாச். அவர் கையில் ஒரு கற்றை டிக்கெட். ஒரு வாரம் ஊருக்கே ரொட்டி போட்டவர். அவருடைய கண்ணில் தண்ணீர்.

"என் மாவு அத்தனையும் இதுலதான் இருக்கு, பாப்பி! என்னை ஏமாத்திடாதம்மா!"

இன்றைக்கு ஒரு நாளில் எல்லா டிக்கெட்டும் திரும்பி வந்துவிட்டால் நாளைக்கு அதை எந்தக் கடைக்காரன் தொடுவான்? சாயங்காலம் ஆட்கள் சம்பளத்துக்கு வந்து நிற்பார்கள். அப்புறம் ஹாலிஸ்டர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அப்பாவுக்கு வேறு வழி இருக்காது.

அப்போதுதான் அம்மா வந்தாள்.

கூட்டத்தை அடக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு எண்ணமே இல்லை. கையில் கோலிவாத் தாம்பாளம். கோயிலில் பாதிதான் செலவாகியிருந்தது. மீதியைத் தியேட்டர் ஆட்களுக்குக் கொடுப்பது வழக்கம். யாரோ முழங்கையால் இடித்து வெள்ளி மிட்டாய் நாலு தரையில் உருண்டது. அவ்வளவுதான், அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"இடிக்காதீங்கடா, மாடுங்களா! செத்தவருக்குப் படைச்சது இது! இதைக் கீழ தள்ளினா உங்க குடும்பம் உருப்படுமா?"

அந்தக் குரலுக்கு மிஸஸ் கோவாச் திரும்பினார். தாம்பாளத்தைப் பார்த்தார். சர்க்கரையைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், கோதுமையைப் பார்த்தார். அவர் ஐரோப்பாவில் கார்பேத்திய மலைப் பக்கத்துக்காரர். அவர்கள் வீட்டிலும் செத்தவருக்குக் கோதுமைதான் அவிப்பார்கள்.

"யார் போனது?" என்று கேட்டார். கற்றையைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"என் கொழுந்தனாரு... இல்ல, மூத்தாரு. அரிஸ்டோஸ். இன்னிக்கு அவர் நாள்" என்றாள் அம்மா. கோபத்தில் உறவு முறையே தப்பிப் போனது அவளுக்கு. "வருஷா வருஷம் அவர் உக்காந்த எடத்துக்குத் திரை போடறோம். அதுகூடப் போடக் கூடாதா நாங்க?"

மிஸஸ் கோவாச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அடுப்படியில் முப்பது வருஷம் ஆள் விரட்டிய குரல்.

"அடேய், நிறுத்துங்கடா கழுதைங்களா! துக்க வீடுடா இது! விக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அரிஸ்டோஸோட நாள்! தொப்பியைக் கழட்டுங்கடா!"

ஒருவர் கழற்றினார். பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். பின்னால் நின்றவர்களுக்கு ஏன் என்றே தெரியாது, முன்னால் கழற்றுகிறார்களே என்று அவர்களும் கழற்றினார்கள். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

அம்மா உள்ளேயிருந்து சோளப்பொரிப் பைகளை எடுத்துவரச் சொன்னாள். ஒரு கரண்டி, ஒரு பை. கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று இத்தாலிய மொழியிலும் போலிஷிலும் ஐரிஷ் மூக்குப் பேச்சிலும் கேட்டது. யூதரான மாவுக்காரர் என்ன சொன்னாரோ, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"என் கல்யாணத்தன்னிக்கு எங்க ரெண்டு பேரையும் மாடி பாக்ஸ்ல ஓசியில உக்கார வெச்சாரு. என்ன படம்னே தெரியாது எனக்கு" என்றார் சால்வத்தோரே. அவர் மனைவி அவர் தோளில் அடித்தார், எல்லோரும் சிரித்தார்கள்.

"எம் புருஷன் ஆலையில செத்தப்போ" என்று மிஸஸ் கோவாச் ஆரம்பித்தார். "அந்த வாரம் பூரா எம் பசங்களைச் சும்மா உள்ள விட்டாரு. வீட்டுல அழுதுட்டிருக்கட்டும்னு விடாம, இருட்டுல உக்காந்து அழட்டும், யாருக்கும் தெரியாதுன்னாரு." கோதுமையை வாயில் போட்டு மென்றார். செர்ரி போட்டிருப்பதை அவர் மட்டும் கண்டுபிடித்து, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

பாதிப் பேர் படத்துக்கு உள்ளே போனார்கள். மீதிப் பேர் டிக்கெட்டைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அந்த மஞ்சள் ஒவ்வொன்றும் உள்ளே போகப் போக எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பெரியப்பா செத்தும் எங்களைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

மாடி ஆபீஸில் ஹாலிஸ்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அப்பா உள்ளே நுழைந்ததும் கை கொடுத்தார்.

"இந்த மாசம் எத்தனையோ பாங்கு வாசல்ல கூட்டத்தைப் பார்த்துட்டேன், மிஸ்டர் ஜெர்வாஸ். தானா வீட்டுக்குப் போன கூட்டத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"பார்த்தீங்கல்ல?" அப்பாவுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. "அப்ப பதிலும் தெரிஞ்சிருக்கும். விக்கல. காபி சாப்பிடுங்க, பால்தான் கிடையாது. சாப்பிட்டுட்டு ரயிலைப் பிடிங்க."

ஹாலிஸ்டர் காபிக் கோப்பையைத் தொடவில்லை. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"சொல்லலையா நீங்க?" என்றார் ஹாலிஸ்டர்.

"என்னடா சொல்லணும்?" என்றார் அப்பா.

"வியாழக்கிழமை கிளீவ்லண்ட் போனேன்ல..." என்றான் அண்ணன். "என் பாதியை இவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டேன்ப்பா. மொத்தமா முழுகறதுக்குப் பாதியாவது கரையேறட்டும்னு. உங்களுக்கும் அம்மாவுக்கும்தான். சத்தியமா எனக்காக இல்லை."

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். கையை ஓங்குவார் என்றுகூட நினைத்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"உனக்குக் குடுத்தது. உன் இஷ்டம்" என்றார்.

அதைக் கேட்பதற்கு, அவர் அடித்திருந்தாலே தேவலை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் ஹாலிஸ்டர். "திங்கக்கிழமையிலேர்ந்து எங்க பாதிக்கு இந்த மஞ்சள் டிக்கெட் செல்லாது. வருத்தமாத்தான் இருக்கு. நியூயார்க்ல ஒத்துக்க மாட்டாங்க."

"எப்படி? நாற்காலியைப் பாதிப் பாதியா அறுப்பீங்களா?" என்றார் அப்பா.

"வக்கீலுங்க ஏதாவது வழி சொல்வாங்க."

கீழே ஆர்கன் எழும்பி வரும் சத்தம் தரை வழியாகக் காலில் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை வெறுத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். கையில் கோதுமைப் பையோடு அத்தனை பேரும் எங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனவர்களும் நம்பித்தான் போயிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்பள டிக்கெட் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். என்ன சொல்லிக் கொடுப்பது?

கதவைத் தட்டிவிட்டு மிஸஸ் கோவாச் எட்டிப் பார்த்தார். அம்மாவின் தாம்பாளத்தைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார். அக்குளில் ஒரு ரொட்டி.

"தொந்தரவு பண்றேனா? ஒரே நிமிஷம். அடுப்பு பத்த வைக்கப் போறேன். நாளைக்கும் வழக்கம்போல போட்டுடலாமா? அடுத்த வாரமும் டிக்கெட் செல்லும்ல?"

அப்பா வாயைத் திறந்தார். பொய் சொல்லிப் பழகாத வாய். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அப்பாவைப் பார்த்தேன்.

"செல்லும்" என்றான் அண்ணன்.

ஹாலிஸ்டர் சட்டென்று திரும்பினார். அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை.

"அடுத்த வாரமும் செல்லும், அதுக்கடுத்த வாரமும் செல்லும். நான் சொல்றேன். போடுங்க மிஸஸ் கோவாச்."

"நீ சொன்னா அப்புறம் என்ன தம்பி! காகிதம் காகிதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவனே நீதானே" என்று ரொட்டியை அவன் கையில் திணித்தார். படியில் தடதடவென்று இறங்கிப் போனார். வாசலைத் தாண்டும் முன்பே தெருவுக்குக் கேட்கும்படி அவர் குரல் எழும்பியது.

"செல்லுமாம்! பெரிய பையனே சொல்லிட்டான்! எல்லாரும் கடைக்கு வாங்க!"

தெருவில் யாரோ கைதட்டினார்கள். பிறகு பல பேர் கைதட்டினார்கள். ஹாலிஸ்டர் தன் பெட்டியைத் திறந்து, அண்ணன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அண்ணன் அதைப் பார்த்தான். கையில் ரொட்டி இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்பா" என்றான். "இப்ப நான் என்ன செய்யட்டும்?"